பாதித் தட்டு

தையல்காரிக்கு வாய்த்த புருஷன் பேருந்து ஓட்டுநர். உட்கார்ந்தே வளர்த்த தொந்தி. ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் விரல் நுழையாது. சர்க்கரை ஏறிப்போய், வண்டி ஓட்டத் தகுதியில்லை என்று வீட்டில் உட்கார வைத்த பிறகுதான் டாக்டர் பேச்சு அவர் காதில் ஏறியது.

"பட்டினி கிடக்காதீங்க. சோத்தைப் பாதியாக் குறைச்சு காயைக் கூட்டுங்க. மெதுவா இறங்குற எடைதான் நிக்கும்."

குறைத்தார். எப்படிக் குறைத்தார் என்பதில்தான் இருக்கிறது சங்கதி. தட்டில் பாதி வைத்தால் மனுஷனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். தட்டு நிறைந்திருக்க வேண்டும். பாதி சாப்பிட்டதும் "போதும்" என்று தள்ளிவிட்டு, எல்லாரும் பார்க்க எழுந்திருக்க வேண்டும்.

"முதல்லயே கொஞ்சமா வைக்கட்டுமாங்க?" என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தாள்.

"அப்புறம் என் கட்டுப்பாட்டுக்கு என்னடி மதிப்பு?"

அந்த மதிப்பு மிச்சச் சோறாகத் தட்டில் கிடந்தது. வெட்டிய துணியில் துண்டைக்கூட எறியாதவள், சோற்றையா எறிவாள்? தன் பங்கைச் சாப்பிட்ட கையோடு அதையும் வழித்துச் சாப்பிட்டாள். அவளுடைய மாமியாரும் அப்படித்தான் எல்லார் மிச்சத்தையும் தின்று, அப்படியே போய்ச் சேர்ந்தாள்.

மாதங்கள் ஓடின. அவர் பேன்ட்டின் இடுப்பைப் பிடித்துத் தைத்த கையாலேயே தன் சட்டைகளின் பக்கத் தையலைப் பிரித்துவிட்டாள். அவர் மறுபடி வேலைக்குப் போனார். நாத்தனார் வந்து அண்ணனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இளவட்டம் மாதிரி ஆயிட்டீங்கண்ணே! ரெண்டு பேருக்கும் சேத்து அண்ணிதான் சாப்பிடுறாங்க போல."

எல்லாரும் சிரித்தார்கள். சொன்னது அத்தனையும் உண்மை என்று சொன்னவளுக்கே தெரியவில்லை. தையல்காரிக்குத்தான் சுருக்கென்று தைத்தது.

பிறகு முழங்கால் வீங்கியது. மெஷினை மிதிக்க முடியவில்லை. கால் போனால் பிழைப்பே போச்சே என்று பயந்துபோய் டாக்டரிடம் ஓடினாள். அவர் இவளுக்கும் அதே பாட்டைப் பாடினார்: சர்க்கரை, எடை, பாதிச் சோறு.

"இப்படியே விட்டீங்கன்னா மெஷினை மறந்துட வேண்டியதுதான்."

"என்னைப் பாத்தாவது கத்துக்கலாமில்ல டாக்டர்? இவளுக்கு வாயைக் கட்டத் தெரியலை," என்றார், கூட வந்து ஒல்லியாக உட்கார்ந்திருந்தவர்.

அவள் மருந்துச் சீட்டை வாங்கி நாலாக மடித்துக்கொண்டு எழுந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போலத் தட்டை நிறைத்து வைத்தாள். அவர் பாதியில் எழுந்து, தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இனிமே நீயும் அளவா சாப்பிடப் பாரு. இதை மட்டும் வீணாக்கிடாதே."

அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தட்டைக் கொண்டுபோய்க் குப்பைக்கூடையில் கவிழ்த்தாள். கை கூசத்தான் செய்தது.

"சோத்தையா கொட்டுறே? நல்லா இருப்பியாடி நீ?"

"நல்லா இருக்கணும்னுதாங்க கொட்டுறேன்."