நீர்மேட்டில் நின்ற வண்டி

மூடுபனிக்குள் ஒரு பச்சைக்கொடி விரிகிறது, அதைப் பார்த்து அடுத்த பெட்டியில் இன்னொன்று, அதற்கும் பின்னே இன்னொன்று, கடைசிக் கொடி டிரைவர் ராயப்பன் கண்ணில் பட்டதும் வண்டி பெருமூச்சு விட்டு மலையேறுகிறது, முதல் கொடியைப் பிடித்திருப்பவன் நான், மலை ரயிலின் முன்பெட்டி பிரேக்மேன், எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுவதால் ராயப்பனுக்குப் பாதை தெரியாது, எனக்குத் தெரியும், ஆகவே வண்டியை ஓட்டுவதே நான்தான் என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன், அப்படியில்லையடா என்று யாராவது சொல்லியிருந்தாலும் எஞ்சின் சத்தத்தில் எனக்குக் கேட்டிருக்காது, இன்று பாரம்பரிய ரயில் என்று பலகை மாட்டிய அதே வண்டியில் டிக்கெட் எடுத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன், கை மட்டும் தானாக வெளியே நீளுகிறது, எதிர்ச்சீட்டுக்காரர் சார் மழையா என்கிறார், ஆமாம் என்கிறேன், எந்த வருஷத்து மழை என்று அவர் கேட்கவில்லை.

வெயில் தாங்காத துரைமார்கள் மேலே ஓடிப்போகப் போட்ட பாதை இது, தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம், அதைக் கடித்துக் கடித்துத்தான் வண்டி ஏறும், எஞ்சினுக்குத் தாகமெடுக்கும் இடத்திலெல்லாம் ஒரு ஸ்டேஷன், காட்டுப்பன்றிகள் மட்டும் குடியிருந்த இடத்தில் கணப்பும் புகைக்கூண்டும் வைத்த ஸ்டேஷன்கள், துரைமார்கள் இறங்கிப்போனார்கள், தேயிலைப் பெட்டிகளும் கல்யாணக் கோஷ்டிகளும் ஏறின, பிறகு பஸ் வந்தது, ஸ்டேஷன்கள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டன, அந்த வருஷம் நீர்மேடு ஸ்டேஷனுக்கும் பூட்டு வந்துவிட்டது, நாளை முதல் இங்கே வண்டி நிற்காது, அங்கே தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன் நஞ்சப்பனுக்குக் கீழே எங்கேயோ மாற்றல், அவருடைய மகள் ரங்கநாயகியும் கூடவே போய்விடுவாள், எஞ்சின் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் எங்களுக்கு டீ கொண்டுவரும் ரங்கநாயகி, அவளிடம் நான் இதுவரை பேசியதெல்லாம் பனி ஜாஸ்தி, பனி கம்மி, இன்றைக்கும் கேட்காவிட்டால் ஆயுள் முழுக்கப் பனிதான்.

இன்றும் பனி ஜாஸ்தி என்றுதான் சொன்னேன், அவள் டம்ளரை வாங்கிக்கொண்டாள், எஞ்சின் கூவிவிட்டது, பச்சையை நீட்டுகிறேன், வண்டி நகர்கிறது, பிளாட்பாரத்தில் அவள் என் பெட்டியோடு நடந்துவருகிறாள், வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லீங்களா என்கிறாள், இரு இரு என்று இன்னொரு கையைத் தூக்கினேன், அந்தக் கையில் சுருட்டி வைத்திருந்தது சிவப்புக்கொடி, அதற்கு அவிழ வேறு நேரம் கிடைக்கவில்லை, எங்கள் வண்டியில் முன்னவன் காட்டியதைப் பின்னவன் காட்ட வேண்டும், ஏன் எதற்கு கிடையாது, பெட்டிக்குப் பெட்டி சிவப்பு பூத்து இறங்க, பல்சட்டம் கிறீச்சிட வண்டி நின்றது.

ராயப்பன் பின்னாலிருந்து கத்திய கேள்வி வாய்க்கு வாய் ஏறி இரண்டாம் பெட்டி காதரிடம் வந்துவிட்டது, டேய், முன்னாடி ஆனையான்னு கேக்கறாரு, நான் வாயைத் திறந்தேன், உள்ளே ஒன்றுமில்லை, ரங்கநாயகி என் முகத்தைப் பார்த்தாள், என்னையக் கட்டிக்கறீங்களான்னு கேக்கத்தானுங்களா நிறுத்துனீங்க, தலையை ஆட்டினேன், அதுவாவது வந்ததே, அவள் காதர் பக்கம் திரும்பி, ஆனையெல்லாம் இல்லீங்ணா, இவருக்கு என்னையக் கட்டிக்கோணுமாம், எனக்குச் சம்மதமுங், எங்கப்பன் எஞ்சின்கிட்டத்தான் நிக்கறாரு, ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்.

காதரும் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை, அடுத்த பெட்டிக்கு அப்படியே ஒப்பித்தான், பெட்டி பெட்டியாக என் கல்யாணம் மலையிறங்குகிறது, ஜன்னல் ஜன்னலாகத் தலைகள், ஏப்பா பையன் பர்மனென்ட்டா என்று ஒரு குரல், இந்நேரத்துக்கு நிஜமாகவே ஓர் ஆனை வந்தால் தேவலை என்று நான் பாதையையே பார்க்கிறேன், எஞ்சின் பக்கமிருந்து ஆவி சீறும் சத்தம்தான் வருகிறது, முடிந்தது, நஞ்சப்பன் கம்பியைத் தூக்கிக்கொண்டு வருகிறார் என்று காலை ஒரு படி பின்னுக்கு வைத்தேன், திரும்பிப் பாருங்க என்றாள் ரங்கநாயகி.

பனிக்குள் எஞ்சினோரம் ஒரு பச்சை விரிந்திருந்தது, நஞ்சப்பனின் கொடி, அதைப் பார்த்துக் கடைசிப் பெட்டியில் இன்னொன்று, அதற்கு முன்னே இன்னொன்று, கீழிருந்து மேலே ஒவ்வொன்றாக ஏறி வருகிறது, காதரின் கை வரைக்கும் வந்துவிட்டது, கொடி காட்டியே பழகியவன் நான், எனக்கு ஒருவர் காட்டினால் என்ன செய்வதென்று எந்த ரூலிலும் இல்லை, நின்றுகொண்டே இருந்தேன், ரங்கநாயகி என் விரல்களிலிருந்து பச்சையை உருவி, கையை நன்றாக நீட்டிப் பிடித்தாள், ராயப்பன் அதைத்தான் நம்பி வண்டியை எடுத்தார்.