தூக்குச் சங்கம்

தட்டச்சு செய்த தாள்களை எங்கள் முன்னால் வைத்துவிட்டுப் பியோன் நகர்ந்ததும், வடிவக்கா தனக்குக் கொடுத்த பிரதியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழையே எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். ஆனாலும் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, எங்கள் தோட்டத்தின் பெயர் எங்கே இருக்கிறதென்று காட்டச் சொன்னார். தேடினேன். ஏழாம் பக்கத்தில் இருந்தது. பெயரின் மேல் விரலை வைத்தபடியே அந்தப் பந்தியை வாசித்தேன். வாசித்து முடித்ததும் விரலை எடுத்துவிட்டேன்.

"என்ன போட்டிருக்கு மாஸ்டர்?"

"நம்ம சங்கத்தப் பத்தி நல்லபடியாத்தான் போட்டிருக்காங்க."

அது முழுப் பொய் அல்ல. மேற்பிரிவுத் தொழிலாளர்கள் தாமாகவே அமைத்துக்கொண்ட தொண்டர் அமைப்பு, நோயாளரை மோட்டார் வண்டி நிற்கும் இடம்வரை சுமந்து வருவதில் மெச்சத்தக்க திறமை காட்டியிருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அதே வாக்கியம் தொடர்ந்து ஓடியது: ஆகையால் அப்பிரிவுக்கு அம்புலன்ஸ் வண்டியோ, அது ஏறுவதற்கான பாதையோ இத்திட்டத்தில் அவசியமில்லை.

அது 1962, ஆடி மாதம். நுவரெலியாவில் ஒரு மண்டபத்தில், அரசாங்கமும் தோட்டங்களும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து மாவட்டத்துக்கு ஒருங்கிணைந்த சுகாதாரத் திட்டம் வகுக்கப்போவதாகச் சொல்லி எங்களை அழைத்திருந்தார்கள். வகுக்கத்தான் அழைத்தார்கள். நாங்கள் போய் உட்கார்ந்தபோது திட்டம் வகுத்து, தட்டச்சு செய்து, ஊசி குத்தித் தயாராக இருந்தது.

என் பெயர் லியனார்ட். கந்தப்பளைக்கு மேலே கல்லுமலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே ஆசிரியன். சண்முகவடிவு என்கிற வடிவக்கா அங்கே மேற்பிரிவில் கொழுந்து பறிக்கிறவர். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஐந்து வருடங்களுக்கு முன் அவருடைய தங்கை அம்மாக்கண்ணுவுக்கு வலி கண்டபோது பிள்ளை குறுக்கே கிடந்தது. நுவரெலியாவுக்குக் கொண்டுபோகச் சொன்னார் தோட்டத்து மருந்துக்காரர். லொறி தேயிலைப் பெட்டிகளோடு போயிருந்தது. நாலு பேர் ஒரு கம்பளியில் அவளைக் கிடத்தித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மூன்று மைல், வழுக்குப் பாதை. இரண்டாவது மைலில் கம்பளி கிழிந்தது. ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே வடிவக்கா தொழிலாளர் வரிசை வீடுகளில் லயம் லயமாக, ஒவ்வொரு காம்பராவின் வாசலிலும் போய் நின்றார். அழவில்லை. யார் யார் தூக்க வருவீங்க என்று மட்டும் கேட்டார். பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள். தச்சாசாரியைப் பிடித்துச் சட்டம் அடித்து, அதில் சாக்கை இரட்டையாகத் தைத்து ஒரு தூக்குக்கட்டில் செய்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவரான மாயாண்டியைப் படுக்கவைத்து மேலும் கீழும் தூக்கிப் பழகியபோது லயமே கூடி நின்று சிரித்தது. தூக்குச் சங்கம் என்று கேலியாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது. இந்த ஐந்து வருடத்தில் நாற்பத்து மூன்று பேரை இறக்கியிருக்கிறார்கள். வழியில் உயிர் போனவர்கள் இரண்டு பேர்தான்.

அழைப்புக் கடிதம் வந்ததும் பெண்கள் மூன்று மாலை, பகலில் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் கூடிப் பேசினார்கள். என்ன கேட்பதென்று முடிவு செய்தார்கள். கக்கூசுக்குக் கீழே இருக்கும் தண்ணீர்ப் பீலியை மேலே மாற்ற வேண்டும். வாரத்தில் ஒருநாள் மருத்துவத்தாதி மேற்பிரிவுக்கு வர வேண்டும். வண்டி வேண்டும், அது ஏறப் பாதை வேண்டும். நான் அதை ஆங்கிலத்தில் எழுதி ஒரு மாதத்துக்கு முன்பே தபாலில் சேர்த்தேன். கிடைத்தது, நன்றி என்று பதிலும் வந்தது. நாங்கள் எழுதியதில் திட்டத்துக்குள் போனது, எங்களிடம் ஒரு தூக்குக்கட்டில் இருக்கிறது என்ற செய்தி மட்டுந்தான்.

மண்டபத்தில் எங்கள் தோட்டத்தை நடத்தும் துரையின் மனைவி, துரைசாணி, இருந்தார். மாவட்டத்துத் துரைசாணிமார் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. பால்மா கொடுக்கும் நகரத்துக் கனவான்கள் இருந்தார்கள். மிஷன் சார்பில் றோசலின் என்ற தாதி வந்திருந்தார். அவரும் லயத்தில் பிறந்தவர்தான். வடிவக்காவுக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்த அவர் குனிந்து, ஏழாம் பக்கத்தைத் தமிழில் மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். நான் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்ததும் வடிவக்கா என் பக்கம் திரும்பினார்.

எங்கள் முறை வந்தது. அவர் எழுந்து நின்றார். மூன்று மாலை மனப்பாடம் செய்த எதையும் சொல்லவில்லை.

"யாரும் தூக்க வரலன்னுதான் நாங்க தூக்குனோம். என் தங்கச்சி செத்துத்தான் தூக்கப் பழகுனோம். எங்க தோளப் பாத்துட்டு வண்டி வேணாம்னு எழுதியிருக்கீங்க. அப்படின்னா நாங்க தூக்குனதே தப்பாப் போச்சு. அந்த எழுத்த அழிங்க. இல்லன்னா எங்க சங்கத்துப் பேர அழிங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து ஆங்கிலத்தில் சொன்னேன்: தமது சங்கத்தைப் பாராட்டியதற்காக இவர் குழுவுக்கு நன்றி கூறுகிறார். வாய்ப்பிருந்தால், பிற்காலத்தில், வண்டி விடயத்தைத் தயவுகூர்ந்து கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறார்.

கூட்டத்தின் தலைவர் புன்னகைத்தார். துரைசாணி மெல்லக் கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். வடிவக்கா உட்காரவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து என்னிடம் நின்றார்.

"மாஸ்டர், நான் சொன்னதக் கேட்டுட்டு யாரும் சிரிக்க முடியாது. நீங்க வேற என்னமோ சொல்லியிருக்கீங்க."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். தமிழ் தெரியாதவர்கள் அதையும் நன்றி என்றே எடுத்துக்கொண்டிருப்பார்கள். பிறகு தலைவர் இன்னொன்றையும் தெரிவித்தார். திட்டத்தை மேற்பார்வை செய்யும் குழுவில் குடியுரிமை இல்லாதவர் உறுப்பினராக முடியாதாம். அம்மையார் விரும்பினால் அழைக்கப்பட்டவராக வந்து உட்காரலாமாம். இந்த மண்ணிலேயே பிறந்து, பன்னிரண்டு வயதிலிருந்து கூடையை முதுகில் சுமந்தும், தோட்டத் தொழிலாளர் பெரும்பாலோரைப்போலக் குடியுரிமை மறுக்கப்பட்டவர் அவர். தலைவர் சொன்னதை நான் சரியாக மொழிபெயர்த்துச் சொன்னேன். அவமானத்தை மேலிருந்து கீழே கொண்டுவரும்போது எனக்கு ஒரு சொல்லும் தவறவில்லை.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கந்தப்பளைக்குத் திரும்பும் பஸ்ஸில் என்னையே கேட்டுக்கொண்டேன். பள்ளிக்கூடம் தோட்டத்தினுடையது. நான் குடியிருக்கும் வீடு தோட்டத்தினுடையது. அது ஒரு காரணம். ஆனால் அந்த நேரத்தில் பயந்ததாகக்கூட நினைவில்லை. வாய் தானாகவே அப்படித்தான் பேசியது. ஆங்கிலத்தில் பேசுவதென்றாலே பணிந்து பேசுவது என்றுதான் எனக்குப் பழக்கியிருந்தார்கள். வடிவக்கா இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்து, மழை வழியும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வந்தார். பாதை பிரியும் இடத்தில் தாள்களை என்னிடம் நீட்டினார்.

"பத்திரமா வச்சிருங்க. நாளைக்கு வந்து இருக்கிறத இருக்கிறபடி வாசிக்கணும்."

மறுநாள் பிள்ளைக்காம்பராவில் பன்னிரண்டு பேரும் அவர்களுடைய பெண்களும் கூடியிருந்தார்கள். நான் வாசித்தேன். முடிந்ததும் மாயாண்டி எழுந்துவிட்டார். அவர் இடது தோளில் சட்டம் அழுத்தி அழுத்தி ஒரு தழும்பு உண்டு. இனித் தூக்கவே வேண்டாம், கட்டிலை அடுப்பில் வைப்போம், நாலு பேர் செத்தால்தான் இவர்களுக்குப் புத்தி வரும் என்றார். பலர் ஆமாம் என்றார்கள்.

"யாரு சாவுறது?" என்று கேட்டார் வடிவக்கா. "நீயா? அடுத்தாப்புல கட்டில்ல படுக்கப் போறது காளியாயி. நெறமாசம். அந்தா உக்காந்திருக்கா. அவகிட்டச் சொல்லு."

மாயாண்டி காளியாயியைப் பார்க்காமல் உட்கார்ந்தார். வடிவக்கா அந்தப் பந்தியை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். 'மோட்டார் வண்டி நிற்கும் இடம்வரை' என்று வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மோட்டாரு எங்க நிக்குது?"

"ரோட்டுல" என்றார் ஒருவர்.

"ரோட்டுல பஸ் வந்தா வரும், வராட்டி இல்ல. எப்பவும் நிக்கிற மோட்டாரு எங்க இருக்கு?"

பின்னாலிருந்து யாரோ தயங்கித் தயங்கிச் சொன்னார்கள், "தொர பங்களாவுல." யாரும் சிரிக்கவில்லை.

பத்தாம் நாள் காலை, பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போகும் நேரத்தில் காளியாயிக்கு இரத்தம் போகத் தொடங்கியது. செய்தி வந்ததும் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் ஓடினேன். தூக்குக்கட்டில் ஏற்கனவே இறங்கிக்கொண்டிருந்தது. முன்னால் மூன்று, பின்னால் மூன்று; மாற்றுவதற்கு ஆறு பேர் பக்கத்தில். தூறல். வழக்கமாக இடதுபக்கம் திரும்பும் முடக்கில் அவர்கள் வலதுபக்கம் திரும்பினார்கள். துரை பங்களாவின் கேட் திறந்திருந்தது. உள்ளே டிரைவர் சிறில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். கட்டிலையும் ஆட்களையும் பார்த்தவன் துணியைக் கையில் பிடித்தபடியே ஒதுங்கி நின்றான். சிவப்பு மெழுகு போட்டுத் தேய்த்த போர்ட்டிகோ தரையில் கட்டிலை இறக்கிவைத்தார்கள்.

துரை காலைச் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து வந்தார். இது என்ன என்று என்னைத்தான் கேட்டார். நான் வடிவக்காவைப் பார்த்தேன்.

"ஒங்க தாள்ல எழுதியிருக்கிறபடி மோட்டாரு நிக்கிற எடம் வரைக்கும் தூக்கியாந்துட்டோம். எங்க வேல முடிஞ்சிருச்சு. இனி ஒங்க வேல. சொல்லுங்க மாஸ்டர்."

சொன்னேன். ஒரு சொல்லை விடவில்லை, ஒரு சொல்லைச் சேர்க்கவில்லை. தயவுசெய்து என்ற வார்த்தை இல்லாமல் ஒரு துரையிடம் நான் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் முகம் சிவந்தது. மருந்துக்காரரிடம் போகலாம், லொறி பத்து மணிக்குத் திரும்பிவிடும், இது ஆஸ்பத்திரி அல்ல என்றார். அதையும் அப்படியே தமிழில் சொன்னேன். ஒருவரும் நகரவில்லை. கட்டிலுக்கடியில் சாக்கு நனைந்து மெழுகுத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. தூறல் தண்ணீரில்லை அது.

துரைசாணி கதவருகே வந்து நின்றார். வடிவக்காவை அடையாளம் தெரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். தரையைப் பார்த்தார். கணவரிடம் ஏதோ சொன்னார். பிறகு காரை எடுக்கும்படி சிறிலிடம் சொன்னார். அதோடு நிற்கவில்லை. சீட்டுக்கு மேலே விரிக்கப் பழைய விரிப்பு ஒன்று தேடி எடுத்துவரும்படி சமையல்காரனை உள்ளே அனுப்பினார். காளியாயி வாயில் துணியைக் கடித்துக்கொண்டு கிடக்க, நாங்கள் பழைய விரிப்புக்காகக் காத்து நின்றோம். எவ்வளவு நேரமோ. வடிவக்கா தன் தலையிலிருந்த கம்பளியை உருவிக் கார் சீட்டில் வீசினார். மாயாண்டியும் இன்னொருவரும் காளியாயியைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். கார் இறங்கிப்போனது. மத்தியானத்துக்கு மேல் அவளுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. இருவரும் பிழைத்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கட்டில் தூக்கிய பன்னிரண்டு பேரின் பெயரையும் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு குறித்துக்கொண்டார். ஒரு வாரத்துக்குப் பெரட்டில் அவர்கள் பெயர் கூப்பிடப்படவில்லை. ஆசிரியர் பாடம் நடத்துவதோடு நின்றுகொள்ள வேண்டும் என்று எனக்கு மூன்று வரியில் கடிதம் வந்தது. மாவட்டத்திலிருந்து இன்னொரு கடிதம்: ஒத்துழைக்கும் மனப்பான்மை இல்லாததால் தொண்டு நிறுவனங்களின் பட்டியலிலிருந்து எங்கள் சங்கம் நீக்கப்படுகிறதாம். பெயரை அழித்துவிட்டார்கள். ஏழாம் பக்கத்தை அழித்தார்களா என்று கேட்டு எழுதினேன். வடிவக்கா அன்று சொன்னதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் எழுதி, கீழே என் கையெழுத்தையும் போட்டு அனுப்பினேன். பதில் இல்லை. கூட்டக் குறிப்பை றோசலின் எடுத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதினார். மேற்பிரிவுப் பிரதிநிதி குழுவுக்கு நன்றி தெரிவித்தார் என்று இருக்கிறதாம். நான் சொன்னதுதான். அது அங்கேயே இருக்கும். வடிவக்காவிடம் போய் அதைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் கொழுந்துக் கூடையை இறக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"மன்னிப்ப வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது மாஸ்டர்? அடுத்த தடவயும் கூட வாங்க."

அடுத்த தடவை ஆவணி பிறந்து நாலாம் நாள் வந்தது. மூக்கன் என்கிற கவ்வாத்துக்காரர், தேயிலை மரத்தின் தலையை வெட்டிய இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். கட்டிலுக்குப் பின்னால் நானும் இறங்கினேன். இந்த முறை பெண்களும் கூடைகளை வரிசையில் போட்டுவிட்டு வந்தார்கள். நாற்பது பேருக்குக் குறையாது. முடக்கில் வலதுபக்கம் திரும்பினோம்.

பங்களா கேட் சாத்தியிருந்தது. புதுச் சங்கிலி ஒன்று சுற்றி, பூட்டுப் போட்டிருந்தார்கள். எண்ணெய்ப் பிசுபிசுப்பு இன்னும் காயாத சங்கிலி. கட்டிலைத் தோளிலிருந்து இறக்காமல் ஆறு பேரும் நின்றார்கள். மூக்கனின் மூச்சு எல்லோருக்கும் கேட்டது. வடிவக்கா முன்னால் போய் இரண்டு கைகளாலும் சங்கிலியைப் பிடித்து உலுக்கினார். நாய்கள் குரைத்துக்கொண்டு ஓடிவந்தன. பங்களா ஜன்னலில் ஒரு திரை அசைந்து, அசைவு நின்றது.

கேட்டுக்கு உள்ளே, கார் கொட்டகையின் முன்னால் சிறில் நின்றான். எங்களைப் பார்த்தான். திரும்பி ஜன்னலைப் பார்த்தான். பிறகு சரளைக் கல்லில் சத்தம் கேட்க நாலு அடி நடந்து வந்து நின்றான். அவனுடைய வலது கை காக்கிக் காற்சட்டைப் பைக்குள் போயிருந்தது. கேட்டின் சாவியோ காரின் சாவியோ, உள்ளே எதையோ இறுக்கிப் பிடித்திருந்தது. வடிவக்கா சங்கிலியை விடாமல், அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.