எலுமிச்சம்பழத்தில் ஏறாத கார்

மாமல்லபுரம் கடற்கரையோர விடுதியின் புல்வெளியில் நின்ற அந்த நீலக் காரைப் பார்க்கப் பார்க்க வைஷாலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதவில் கைப்பிடி கிடையாது. கண்ணாடி எது, கூரை எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அழகுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் உள்ளே மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை. சக்கரம்கூடத் தெர்மகோலில் செதுக்கிக் கறுப்புப் பெயின்ட் அடித்ததுதான். மேடைக்குப் பின்னால் ஒருவன் கம்பியை இழுத்தால் கொஞ்ச தூரம் நகரும், அவ்வளவே.

அவள் செய்த வண்டி ஓடும். செய்யூரிலிருந்து கருங்குழிக்கு வேர்க்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு வெயிலிலும் மழையிலும் ஓடிக் காட்டிய மின்வண்டி அது. அதைத் தார்ப்பாய் போட்டு மூடி, விடுதிச் சமையலறைக்குப் பின்னால் நிறுத்தச் சொல்லிவிட்டார் முதலாளி ஹரிகிருஷ்ணன்.

"அது மூஞ்சி நல்லால்லமா. மொதல்ல வரிச்சலுகை கெடைக்கட்டும். அப்புறம் உன் வண்டியத்தான் தயாரிக்கப் போறோம்."

மின்வண்டி செய்யும் கம்பெனிக்கு வரிச்சலுகை தரலாமா என்று முடிவு செய்யும் அதிகாரி அன்றைய அறிமுக விழாவுக்கு வந்திருந்தார். முதலாளியின் அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் வைஷாலி வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

பட்டறையில் அவளோடு சேர்ந்து அந்த வண்டியைக் கட்டியவர் தர்மராஜ். நீலக் கார் வெறும் கூடு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. வழக்கப்படி சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரத்தையும் ஏற்றிவிட்டார். ஹரிகிருஷ்ணன் முறைத்தார்.

"இன்னா சார் முறைக்கிறீங்க? புது வண்டி, பழம் வைக்காம வுடலாமா?"

அதிகாரி அதற்குள் கைகூப்பிவிட்டார். ஹரிகிருஷ்ணனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கம்பி இழுபட்டது. கார் பழத்தின் மேல் ஏறவில்லை, பழம்தான் சக்கரத்துக்குள் புதைந்தது. புல்லில் வெள்ளை வெள்ளையாகத் தெர்மகோல் உதிர்ந்தது. பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

விழாவுக்கு வந்திருந்த எல்லாரும் திருதிருவென்று விழித்தார்கள். ஹரிகிருஷ்ணன் மட்டும் சிரித்தார்.

"பாத்தீங்களா சார், எடை எவ்ளோ கம்மின்னு?"

கைதட்டினார்கள். அதிகாரியும் தட்டினார். வைஷாலிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பொய் சொன்னவரைவிட, கைதட்டிய படித்த கும்பலின் மேல்தான் அவளுக்கு ஆத்திரம். விறுவிறுவென்று சமையலறைப் பக்கம் போனாள், தார்ப்பாயை உருவி எறிந்தாள், வண்டியைப் புல்வெளிக்கே ஓட்டி வந்தாள்.

தர்மராஜ் ஓடி வந்தார். மிச்சமிருந்த பழத்தை வண்டிக்கு முன்னால் வைத்தார். சக்கரம் ஏறியதும் அது சதக்கென்று நசுங்கி, சாறு ஹரிகிருஷ்ணனின் வெள்ளைப் பேன்ட்டில் தெறித்தது.

"அட, இது ஓடுதே," என்றார் அதிகாரி. "யாரோடது?"

"நம்மளுதுதான் சார். பழைய மாடல், அடுத்த வாரம் உடைக்கப் போறோம். வாங்க, சாப்பாடு ஆறுது."

அதிகாரி தலையாட்டிவிட்டு நடந்தார். வைஷாலிக்கு அப்போதுதான் புரிந்தது. உடைப்பதற்கு நாள்கூடக் குறித்துவிட்டுத்தான் இத்தனை நாளும் 'அப்புறம், அப்புறம்' என்றிருக்கிறார்.

ஹரிகிருஷ்ணன் வண்டியின் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். "சாவியக் குடு. எறங்கு."

அவள் சாவியை உருவி உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள்.

"உடைக்கிறவன இங்கயே வரச் சொல்லுங்க சார். நான் உள்ளதான் உக்காந்திருப்பேன்."

இன்னொரு கதவைத் திறந்து, தர்மராஜும் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.