ஈரல் தேறிய பிறகு

"யானை, உக்காரு!" என்று சுருட்டு கத்தினார்.

சுருட்டும் அவர் ஆட்களும் பழைய பட்டறை ஒன்றைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். லேத் மெஷினின் மூலைக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து, அதற்குக் கீழே மரக்கட்டையை முட்டுக்கொடுத்திருந்தார்கள். கடப்பாரையின் மறுமுனையில் யானை உட்கார வேண்டும். மெஷின் தரையை விட்டு எழும்பும். அந்தச் சந்தில் இரும்புக் குழாய்களை உருட்டிவிட்டால், அப்புறம் மெஷினைத் தள்ளிக்கொண்டே வாசல்வரை போய்விடலாம். பல வருஷமாக இதே முறைதான். மற்ற கோஷ்டிகள் ஜாக்கி தேடி அலையும்போது இவர்களுக்கு யானை இருந்தான்.

யானை போய் உட்கார்ந்தான். மெஷின் அசையவில்லை. கொடியில் காயப்போட்ட சட்டை மாதிரி அவன் கடப்பாரையில் தொங்கிக்கொண்டிருந்தான்.

குழாய் பிடித்திருந்தவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "யானை இளைச்சு குதிரையாயிடுச்சுண்ணே! அதான் காலங்காத்தால ரோட்டுல ஓடுது!"

எல்லாரும் சிரித்தார்கள். யானையும் பல்லைக் காட்டினான். சுருட்டு மட்டும் தலையில் அடித்துக்கொண்டார். "நான் ஒரு மடையன். கண்ணு புதுசைப் பார்க்குது, வாய் பழசையே சொல்லுது. எறங்குப்பா. நீங்க ரெண்டு பேரும் வாங்கடா, சேர்ந்து ஏறுங்க."

இரண்டு பேர் ஏறினார்கள். மெஷின் எழும்பியது.

"உக்காரு" என்று சொல்வது சுருட்டின் வேலையாக இருந்ததில்லை. முன்பு யானையின் அண்ணன்தான் மேஸ்திரி. வாயில் ஒரு துளி சாராயம் வைக்காத மனுஷனுக்கு ஈரல் கெட்டது. மஞ்சள் காமாலை என்று ஆரம்பித்தது, வயிறு வீங்கிப் படுக்கையில் போட்டுவிட்டது. ஈரலில் ஒரு துண்டு கொடுக்க ரத்த உறவில் ஆள் வேண்டும் என்றார்கள். யானை கேட்ட நொடியே சட்டையைக் கழற்றினான். டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க ஈரல்ல கொழுப்பு அப்பிக்கிடக்கு. இதை வெட்டி வெச்சா அவருக்கும் ஆகாது, உங்களுக்கும் ஆகாது. எடையைக் குறைச்சுட்டு வாங்க. சீக்கிரம் வாங்க."

அந்தச் சீக்கிரத்தில்தான் எல்லாம் கெட்டது. வேலை முடிந்து சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போவான். அண்ணனுக்குச் சாப்பாட்டு வாடையே ஆகாது. தட்டைத் தம்பி பக்கம் தள்ளுவார். "நீ தின்னுடா. நான் பார்க்கிறேன். நீ தின்னா எனக்கு வயிறு நெறைஞ்ச மாதிரி இருக்கு." வேண்டாம் என்றால் அந்த மஞ்சள் கண்ணில் தண்ணீர் கட்டும். மேஸ்திரி சொல்லை ஒரு நாளும் தட்டிப் பழகாதவன் யானை. தின்றான். அவன் அள்ளி அள்ளிப் போட்டுக்கொள்வதைப் பார்த்து அண்ணன் வாய்விட்டுச் சிரிப்பார். "அப்படித்தான்டா. என் யானைடா நீ."

எடை இறங்கவில்லை. டாக்டரம்மா கத்தித் தீர்த்தபின்தான் உறைத்தது. அதன்பிறகு வெறி வந்தவன் மாதிரி நடந்தான், பிறகு ஓடினான், பச்சைக் காய்கறியைக் கடித்துக்கொண்டு கிடந்தான். ஈரல் தேறியது. "இப்ப கொடுக்கலாம்" என்று டாக்டரம்மா சொன்னபோது அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. அது இறங்கட்டும் என்று காத்திருந்தார்கள். இறங்கவே இல்லை.

காரியம் எல்லாம் முடிந்த மறுநாளும் யானை எழுந்து ஓடினான். நிறுத்தினால் இத்தனை நாள் எதற்கு ஓடினோம் என்று யோசிக்க வேண்டிவரும். இளைத்துக்கொண்டே போனான். வயிற்றுத்தோல் காலிப் பை மாதிரி மடிந்து தொங்கியது. பனியனுக்குள் அதைச் செருகிக்கொண்டு ஓடுவான். பெரிய ஓட்டப் பந்தயம் வருகிறது, நாற்பத்திரண்டு கிலோமீட்டர் என்று கேள்விப்பட்டதும் பேர் கொடுத்துவிட்டான். அதில் ஒரு கணக்கு இருந்தது. யாரிடமும் சொல்லாத கணக்கு. அண்ணன் போனதிலிருந்து அண்ணி அவனோடு பேசவில்லை. அவனும் அந்தத் தெருப்பக்கம் போகவில்லை. அவ்வளவு தூரம் ஓடி முடித்துவிட்டால், அண்ணி வாசலில் போய் நிற்கலாம். பாருங்க அண்ணி, இந்த உடம்பு ஏமாத்தற உடம்பு இல்லை என்று காட்டலாம்.

சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. கவளத்தை எடுத்தால் அந்தத் தட்டு ஞாபகம் வரும்.

மத்தியானம் எல்லாரும் டப்பாவைத் திறந்தபோது அவன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு லாரியின் நிழலுக்குப் போனான். சுருட்டு பின்னாலேயே வந்து ஒரு அவித்த முட்டையை நீட்டினார்.

"பசிக்கலைண்ணே."

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லுடா. குழாயைத் தூக்கும்போது கை நடுங்குது, நான் பார்க்கலைன்னு நெனைச்சியா? உங்கண்ணன் இருந்தா செருப்பாலயே போட்டிருப்பார்."

அவன் முட்டையை வாங்கிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். சுருட்டு போனபிறகு நாய்க்குப் போட்டான்.

காலையில் அவனோடு ஓடுகிறவர் ஒரு மருந்துக்கடைக்காரர். தொப்பை கரையாமலே பல வருஷமாக ஓடுகிறவர், ஓடும்போதுகூட வாய் ஓயாது. பந்தயத்துக்கு முந்தைய கடைசி நீண்ட ஓட்டம் என்று மறுநாள் விடியலில் ஆற்றுப்பாலம் தாண்டிப் போனார்கள்.

"வாழைப்பழம் தின்னீங்களா?"

"ம்."

"இந்த 'ம்'முக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். என் சம்சாரம் மாத்திரை போட்டியான்னு கேட்டா நானும் இப்படித்தான் 'ம்' போடுவேன். வண்டிக்கு எண்ணெய் ஊத்தாம ஓட்டினா வழியிலே நின்னுடும் சார்."

நின்றுவிட்டது. வெயில் ஏறியபின் திரும்பி வரும்போது, பாலம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், யானையின் முழங்கால் மடிந்தது. விழுந்தது அவனுக்குத் தெரியாது. தார் ரோட்டின் சூடு கன்னத்தில் பட்டது மட்டும் தெரிந்தது. யாரோ எங்கேயோ அவன் போனை எடுத்து "வீட்டுல யாருங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கண் திறந்தபோது கையில் ஊசி ஏறியிருந்தது. சின்ன ஆஸ்பத்திரி, நான்கே கட்டில். அருகில் ஸ்டூலில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் வேலை அவளுக்கு. வேலை அங்கியைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். முன்கையில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்புகள், புதிது ஒன்றும் இருந்தது.

அவன் எழப் பார்த்தான்.

"படு."

படுத்தான்.

"எத்தனை நாளா சாப்பிடலை?"

"சாப்பிடறேன் அண்ணி."

"டாக்டர் எல்லாம் சொல்லிட்டார். வாயைத் திறந்தா நெசம் பேசு."

அவன் சுவரைப் பார்த்தான்.

"அந்தத் தட்டுதானே?" என்றாள்.

யானை சட்டென்று அவள் பக்கம் திரும்பினான்.

"நான் கதவுகிட்ட நின்னு பார்த்திருக்கேன். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல. அவர் தள்ளுவார், நீ முழுங்குவ. உள்ள வந்து தட்டைப் பிடுங்கி எறியணும்னு கை பரபரக்கும். அவர் முகத்தைப் பார்த்தா முடியாது. நாள் பூரா முனகிட்டுக் கிடந்த மனுஷன் அந்த ஒரு நேரம்தான் சிரிச்சார். அந்தச் சிரிப்புக்கு ஆசைப்பட்டு நானும் சும்மா நின்னேன்."

"அண்ணி, உங்க மேல ஒண்ணும்..."

"நான் முடிக்கலை. டாக்டரம்மாகிட்டப் போய்க் கேட்டேன். இவன் முன்னாடியே தயாராயிருந்தா பொழைச்சிருப்பாரான்னு."

இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருப்பதற்காகத்தான் அவன் அவ்வளவு தூரம் ஓடினான்.

"பொழைச்சிருக்கலாம்னாங்க." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "உன்கிட்ட வேற மாதிரி சொல்லலாம்னு பஸ்ல வரும்போது பூரா யோசிச்சுட்டு வந்தேன். வாய் வரலை."

பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவர் இருமினார். யானை முகத்தை மூடிக்கொண்டு அழுதான். ஊசி குத்திய கை மேலே எழ, குழாயில் ரத்தம் ஏறியது. அண்ணி அந்தக் கையைப் பிடித்துக் கட்டிலோடு அழுத்தினாள். தடவிக் கொடுக்கவில்லை, அழுத்திப் பிடித்தாள்.

"எனக்குக் கோவம் போகலை. போகும்னும் தோணலை. அது எனக்கும் உனக்கும் உள்ளது. அதுக்கு உன் வயிறு என்ன பாவம் பண்ணுச்சு?"

அவன் மறுகையால் கண்ணைத் துடைத்தான்.

"ஓட்டப் பந்தயமாமே? மருந்துக்கடைக்காரர் சொன்னார். ஓடு, ஓடாம இரு, உன் இஷ்டம். உன் புத்தி எனக்குத் தெரியும். ஓடி முடிச்சுட்டு வந்து என் வாசல்ல நின்னா நான் எல்லாத்தையும் மறந்துடுவேன்னு மட்டும் நெனைக்காத. எனக்கு அந்த வித்தை தெரியாது. ஆனா இன்னொரு தடவை இப்படி ஆஸ்பத்திரி ஸ்டூல்ல உக்கார வைக்காத. தெம்பு இல்லை தம்பி."

எழுந்தாள். அரை நாள் லீவுதான் சொல்லியிருந்தாளாம். வாசலில் நின்ற மருந்துக்கடைக்காரரிடம் ஏதோ சொன்னாள். திரும்பிப் பார்க்காமல் படி இறங்கினாள்.

மருந்துக்கடைக்காரர் ஒரு பொட்டலத்தோடு உள்ளே வந்தார். ரொட்டியும் பழமும். "உங்கண்ணி காசு கொடுத்து வாங்கிக் கொடுக்கச் சொன்னாங்க. தின்னு முடிக்கிறவரைக்கும் நகரக் கூடாதாம். சலவைக்கூடத்துல மேனேஜரே அவங்கதான் போல."

யானை சிரிக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து ரொட்டியைப் பிட்டான். முதல் துண்டு தொண்டையிலேயே நின்றது. தண்ணீர் குடித்துத் தள்ளினான். யாரும் பார்த்துச் சிரிக்காத சாப்பாடு அது. வெறும் ரொட்டி, கொஞ்சம் காய்ந்த ரொட்டி. பொழைச்சிருக்கலாம், பொழைச்சிருக்கலாம் என்று தாடை அசையும்போதெல்லாம் காதுக்குள் கேட்டது. நிறுத்தவில்லை. மென்றான்.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "முடிஞ்சுதா? கட்டில் வேணும். வெளியே ஒருத்தரைத் தூக்கிட்டு வந்திருக்காங்க."

அவள் ஊசியை எடுத்துவிட்டதும் மிச்ச ரொட்டியோடு அவன் வராந்தாவுக்கு வந்து, சுவரில் சாய்ந்து நின்று தின்றான். கண்ணீர் மூக்கு வழியாக வாய்க்குள் வந்து ரொட்டி உப்புக் கரித்தது.

"அப்ப ஞாயித்துக்கிழமை பந்தயம்?" என்று மருந்துக்கடைக்காரர் மெதுவாகக் கேட்டார். "பேரை அடிச்சுடச் சொல்லட்டுமா?"

யானை கையை உயர்த்தி, இரு என்று காட்டினான்.

"மொதல்ல இதை முழுங்கிக்கிறேன்."