சொட்டு நீலத்தின் மேல் விழுந்த பழி

"பாத்து ஊத்துனியா, பாக்காம ஊத்துனியா? அத மட்டும் சொல்லு சரசு!"

"ஊத்தவே இல்லன்றேன் ஆன்ட்டி. அப்புறம் எதப் பாக்கறது, எதப் பாக்காம இருக்கறது?"

"ஊத்தலன்னா? வானத்துலேர்ந்து சம்மனசு எறங்கி வந்து என் செடிக்குப் பொட்டு வெச்சுட்டுப் போச்சா?"

தொண்ணூற்றெட்டாம் வருஷம், லிங்கராஜபுரத்தில் ஒரு குறுக்குத் தெரு. கீழே நின்று கத்தியவர் வீட்டுக்கார அம்மாள் பெட்டி. பெயர்தான் பெட்டி, மூடி வைக்கிற வழக்கம் கிடையாது. மனதில் விழுந்தது மறுநிமிஷம் தெருவில் விழுந்துவிடும். மாடியிலிருந்து பதில் சொன்னவள் குடித்தனக்காரி சரசு. அவள் தலைக்கு மேல் கொடியில் மகளின் வெள்ளை யூனிஃபார்ம் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே பக்கத்து வீட்டுக்கும் பொதுவான மதில். மதில் மேல் பெட்டியின் தொட்டிகள்.

தொட்டிகளில் இருந்தவை சாதாரணச் செடிகள் அல்ல. தடித்த இலைகளை ரோஜாப்பூ மாதிரி அடுக்கிக்கொண்டு, மேலே விபூதி பூசியதுபோல் சாம்பல் நீலத்தில் உட்கார்ந்திருக்கும் சக்குலென்ட்கள். பூக்கிறதோ இல்லையோ, பார்க்கிறவர் வயிறு எரியும். மாதா கோயில் திருவிழாவில் செடிக் கண்காட்சி உண்டு. இந்த வருஷம் பரிசு தனக்குத்தான் என்று பூசைக்கு வருகிற அத்தனை பேரிடமும் பெட்டி சொல்லி முடித்திருந்தார். இப்போது பார்த்தால் மதிலின் கோடியில் இருக்கிற தொட்டிகளின் இலைகளில் கரும்பச்சைப் புள்ளிகள். அம்மை போட்ட முகம் மாதிரி.

"சும்னிரு பெட்டி," என்றார் கணவர் மதலைமுத்து, கன்னடத்தில். வாயை மூடச் சொல்வதென்றால் அவருக்குக் கன்னடம்தான் வரும். பெட்டி எந்த மொழியிலும் மூடியதில்லை.

"சொட்டு நீலம் போட்ட தண்ணிதான். டெய்லி சொட்டிச் சொட்டி செடி செத்துடுச்சு. மாசம் பொறந்தா வீட்டக் காலி பண்ணிடு. அவ்ளோதான்."

சரசு கொடியைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டாள். மகளின் பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். கணவன் முனிராஜின் ஷிஃப்ட் பஸ் தெரு முனையில் நிற்கும். இந்த வீடு கிடைக்கும்வரை எத்தனை வீட்டுக்காரர்கள் முன்னால் சாதுவைப் போல நின்றிருப்பாள்! அது அவளுக்குக் கொஞ்சமும் பொருந்தாத வேஷம்.

"நீங்க பூசைக்குப் போய்ட்டு வர்ற ஞாயித்துக்கெழமை வரைக்கும் டைம் குடுங்க ஆன்ட்டி," என்றாள் கடைசியில். "அது என்னா புள்ளின்னு நானே கண்டுபிடிச்சுச் சொல்றேன். என் தண்ணிதான்னா நானே மூட்டையக் கட்டறேன்."

"ஓஹோ, செடிக்கு டாக்டரா?" என்றது எதிர்வீட்டு ஜன்னல். அந்த ஜன்னலுக்குள் காந்தா இருப்பாள். தெருவில் எது நடந்தாலும் அவளுக்குத்தான் முதலில் தெரியும், நடக்காததும் தெரியும்.

டாக்டர் முதலில் ஊரைக் கேட்டாள். காந்தா அடித்துச் சொன்னாள்: "திருஷ்டி. அந்தம்மா பேசுன பேச்சுக்கு எலை மட்டும் தப்பிச்சிடுமா?" உரக்கடைக்காரர் செடியைப் பார்க்காமலே பூஞ்சை என்று சொல்லி ஒரு பாட்டிலை நீட்டினார். நர்சரிக்காரர்தான் உருப்படியாகப் பேசினார். "பஞ்சு மாதிரி வெள்ளையா ஒட்டியிருந்தா மாவுப்பூச்சிம்மா. அடி எலை மஞ்சளாகி, அமுக்குனா கொழகொழன்னு இருந்தா தண்ணி ஜாஸ்தி. மேல்பக்கம் காஞ்சு பழுப்பா இருந்தா வெயில் சுட்டது. ஓரம் செவந்தா ஒண்ணுமில்ல, குளிருக்கு அது அப்படித்தான்."

சனிக்கிழமை பெட்டி பாட்டுப் பயிற்சிக்குக் கோயிலுக்குப் போனதும் சரசு கீழே இறங்கினாள். இலை இடுக்கில் பஞ்சு இல்லை. அடி இலை கல் மாதிரி இருந்தது. எதுவும் காயவில்லை. அதோடு, புள்ளி இலையின் மேலே மட்டும் இல்லை, அடியிலும் இருந்தது. மாடியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் இலைக்கு அடியில் போய் எப்படிச் சொட்டும்?

அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. ஆனால் சரசுவுக்குக் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் இருப்பதைத் தொட்டுப் பார்ப்பாள்; அடுத்தவர் புடவையைத் தொட்டு என்ன துணி என்பாள். புள்ளியே இல்லாத நடுத்தொட்டியில் ஒரு இலையை, எவ்வளவு அழகு என்று, லேசாகப் பிடித்துவிட்டாள்.

கையை எடுத்தால், அங்கே ஒரு கரும்பச்சைப் புள்ளி.

எச்சில் தொட்டுத் துடைத்தாள்; புள்ளி பெரிதானது. முந்தானையால் துடைத்தாள், இலையே கரும்பச்சையாகிப் பளபளத்தது. முந்தானையில் வெள்ளையாக மாவு. குற்றம் செய்யாதவள் என்று நிரூபிக்க வந்தவள், இப்போது நிஜமாகவே குற்றம் செய்துவிட்டு நின்றாள்.

மாவைப் பார்த்தாள். இலையைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். தெருவே திரும்பிப் பார்க்கிற சிரிப்பு.

நோயும் இல்லை, நீலமும் இல்லை. இலை தானாகப் பூசிக்கொண்ட மாவு. விரல் பட்டால் போய்விடும், அவ்வளவுதான். யாரோ கோடித் தொட்டிகளைத் தினமும் தூக்கி நகர்த்துகிறார்கள். மேலே பெருவிரல், அடியில் மற்ற விரல்கள். அந்தப் பெருவிரல் தடத்தில் தன் விரலை வைத்துப் பார்த்தாள். அவள் விரல் ஒரு மூலைக்குக்கூடப் போதவில்லை. தொட்டிகளை நகர்த்திவிட்டு அவை இருந்த இடத்தில் முழங்கையை ஊன்றி எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக் கிணற்றடி துல்லியமாகத் தெரிந்தது.

சரசு தொட்டிகளைத் திரும்ப வைத்தாள், அடியைப் பிடித்து.

ஞாயிறு பூசை முடிந்து பெட்டி குடும்பத்தோடு வந்தபோது வாசலில் சரசு பக்கெட்டோடு நின்றிருந்தாள். காந்தா ஜன்னலை விட்டு இறங்கித் தெருவுக்கே வந்துவிட்டாள். பெட்டிக்குப் பின்னால் மகன் அமல்ராஜ். எந்தப் பெண்ணையும் தலைநிமிர்ந்து பார்க்காத பிள்ளை. அம்மா சொன்ன கணக்கு அது.

"இது சொட்டு நீலம். ஜாஸ்தியாவே கலக்கியிருக்கேன்," என்று சரசு ஒரு சொம்பு மொண்டு நடுத்தொட்டிக்கு அடுத்த தொட்டிச் செடியின் தலையில் ஊற்றினாள். பெட்டி அலறினார். ஆனால் சேப்பங்கிழங்கு இலையில் உருளுவதுபோல நீல முத்துகள் உருண்டு உருண்டு மண்ணில் விழுந்தன. இலை பழையபடியே சாம்பல் நீலத்தில் உட்கார்ந்திருந்தது, ஒரு கறையும் இல்லாமல்.

"இப்ப பாருங்க ஆன்ட்டி." பெருவிரலை இன்னொரு இலையில் அழுத்தி எடுத்தாள். கரும்பச்சைப் புள்ளி. கோடித் தொட்டியில் இருந்த அதே புள்ளி, அளவு மட்டும் சின்னது.

தெரு "ஆ" என்றது.

"கையா?" பெட்டியின் குரல் இறங்கியது. உடனே ஏறியது. "யார் கை? என் தொட்டிய என் வீட்ல ஒருத்தரும் தொடமாட்டாங்க!"

"பெரிய கை ஆன்ட்டி. அதுக்கு மேல நான் சொல்லக் கூடாது," என்றாள் சரசு. சொல்லக் கூடாது என்று சரசு சொல்லி யாரும் கேட்டதே இல்லை, காந்தாவுக்கே புல்லரித்தது.

அமல்ராஜ் மெதுவாகக் கைகளைப் பேன்ட் பைக்குள் விட்டான். அப்போதுதான் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பொறுக்க முடியாமல் ஒரு குரல் வந்தது. கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கிற பக்கத்து வீட்டுப் பெண் சங்கமித்ராவின் குரல்.

"அடியில புடிச்சுத் தூக்குங்க, எலையத் தொடாதீங்கன்னு எத்தன வாட்டி சொன்னேன் அமல்? கேட்டீங்களா?"

தெரு மொத்தமும் அமல்ராஜ் பக்கம் திரும்பியது.

மதலைமுத்து மட்டும் இருமினார். இருமல்தானா என்பதில் காந்தாவுக்கு இன்றுவரை சந்தேகம். பெட்டி மகனைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார், கடைசியில் சரசுவைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக மனதில் விழுந்தது வெளியே வரவில்லை.

"அப்ப நான் மூட்டை கட்டணுமா ஆன்ட்டி?" என்று சரசு தெருக்கோடிக்குக் கேட்கும்படி கேட்டாள்.

"வேணாம்."

"காதுல விழல ஆன்ட்டி."

"இரும்மா, இரு! நீயே இரு! தப்பு என்னுது, போதுமா?"

சரசு பக்கெட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறினாள். தேர் திரும்புகிற மாதிரி, அவசரமில்லாமல்.

திருவிழாப் பரிசு வேறு தெருவுக்குப் போனது. அடுத்த வருஷம் அமல்ராஜுக்கும் சங்கமித்ராவுக்கும் ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் கல்யாணம். மாதா கோயிலும் வேண்டாம், பெண் வீட்டார் போகிற புத்த விகாரையும் வேண்டாம் என்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள். வரமாட்டேன் என்ற பெட்டி பட்டுப்புடவையில் முதல் ஆளாகப் போய் நின்றார். பிள்ளைகள் வைட்ஃபீல்டில் ஃபிளாட் வாங்கிப் போனார்கள். சரசு சொந்த வீடு கட்டிச் சந்தாபுராவுக்குப் போனது அதற்கும் பல வருஷம் கழித்து. யாரும் போகச் சொல்லி அல்ல. லாரி கிளம்பும்போது பெட்டிதான் அதிகம் அழுதார் என்று காந்தா சொல்கிறாள்.