பெண் வீட்டார் கேட்ட கேள்வி

மகனுக்குப் பார்த்த பெண்ணின் தாய் பஸ்மியா வந்து கதிரையில் உட்கார்ந்ததிலிருந்து நஜ்முன் நிஸா குசினிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். குசினியில் மகள் சுஹைரா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளுடைய இடது கன்னத்தில் விரல் தடம் இன்னும் மாறவில்லை. முக்காட்டை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு வரும்படி தாய்தான் சொல்லி வைத்திருந்தாள்.

முந்தின நாள் கந்தளாயில் வகுப்பு முடிந்து வரும்போது பஸ் வழியில் பழுதாகிவிட்டது. சுஹைராவின் ஃபோனில் சார்ஜும் இல்லை. மஃரிப் தொழுகை முடிந்து இருட்டிய பிறகு வீட்டுக்குள் வந்தவளை, எங்கே சுற்றிவிட்டு வருகிறாய் என்று கேட்டான் அவளுக்கு மூத்தவனான நானா அகீல். சொன்னால் நம்பவா போகிறீர்கள் என்று அவள் திருப்பிக் கேட்டதும் ஓங்கி அறைந்துவிட்டான். பொம்பிளைப் பிள்ளைக்கு அந்தப் பயம் இருக்கவேண்டும் என்றார் வாப்பா அபூதாஹிர். நஜ்முன் நிஸா மகளைக் கையில் பிடித்து அறைக்குள் கூட்டிப்போனாள், அவ்வளவுதான்.

அகீல் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குபவன். சிகரெட்கூடத் தொடமாட்டான். கிண்ணியாவில் ஷிஃபானாவை அவனுக்குப் பேசியிருந்தார்கள். திகதி குறிக்கத்தான் ஷிஃபானாவின் தாய் பஸ்மியா பாலம் கடந்து வந்திருந்தாள். மண்டபம், சாப்பாடு எல்லாம் பேசி முடிந்த பிறகு, தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"ராத்தா, மகனுக்குக் கோபம் கீபம் வருமோ?"

எல்லாத் தாய்மாரும் கேட்கிற கேள்வி. எல்லாத் தாய்மாரும் சிரித்துக்கொண்டு இல்லை என்கிற கேள்வி. நஜ்முன் நிஸாவுக்கும் அந்த இல்லை வாய் வரை வந்தது. சுஹைரா தட்டை ஏந்தியபடி தலையைக் குனிந்து நின்றாள்.

"வரும். நேத்து இவளுக்கு அடிச்சவன்" என்றாள் நஜ்முன் நிஸா.

அபூதாஹிர் செருமினார். பஸ்மியா சுஹைராவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தேநீரைக் குடித்து முடித்து, வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று எழுந்துபோனாள்.

சொந்தப் பிள்ளையின் வாழ்க்கையில் மண் போட்டுவிட்டாயே என்று அபூதாஹிர் குமுறினார். அகீல் வீட்டில் சாப்பிடுவதை நிறுத்தினான். ஃபோன் அடிக்கும்போதெல்லாம் நஜ்முன் நிஸாவே முந்திப்போய் எடுத்தாள். வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம். சரி என்று சொல்லி, அந்தப் பிள்ளை இங்கே வந்து அடி வாங்கினால் என்ன செய்வது என்ற பயம் மறுபக்கம்.

அடுத்த வாரம் கிண்ணியாவிலிருந்து அழைப்பு வந்தது. அகீல் வந்து நடந்ததைத் தன் வாயால் சொல்லட்டும், கேட்டுவிட்டு முடிவெடுக்கிறேன் என்று ஷிஃபானாவே சொன்னாளாம். அகீல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அஸர் தொழுகைக்கு முன்னரே திரும்பி வந்து ஹெல்மெட்டை மேசையில் எறிந்தான்.

"அடிச்சது பிழைதான், ஆனா அவளும் வாய் காட்டினவள் எண்டு சொன்னன். ஷிஃபானா எழும்பி உள்ளுக்குப் போயிட்டா. இவ்வளவுக்கும் நான் பிழை எண்டு ஒத்துக்கொண்டனான்."

அந்த 'ஆனா' நஜ்முன் நிஸாவிடமிருந்து அவன் கற்றது. சின்ன வயதில் அவன் தங்கச்சியைத் தள்ளிவிட்டபோதெல்லாம், பிழைதான், ஆனா நீ ஏன் நானாவுக்குக் கோபம் வரப் பண்ணினாய் என்று, அழுதுகொண்டிருந்த மகளைத்தான் அவள் கேட்டிருக்கிறாள். அவனுக்கு எதிரில் நின்று கேட்டிருக்கிறாள்.

"மகன், அடிச்சது பிழை. அதுக்குப் பிறகு ஒண்டும் இல்ல. நான்தான் உனக்குப் பிழையாச் சொல்லித் தந்தனான்."

அகீல் அவளைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

கல்யாணம் நின்றுபோனது. மூதூரில் இன்னொரு இடம் இருக்கிறதென்று அபூதாஹிர் ஒரு மாதத்திலேயே கதை கொண்டுவந்தார். அங்கே நீ வாய் திறக்கக்கூடாது என்று எச்சரித்தார்.

"கேட்டாச் சொல்லுவன்" என்றாள் நஜ்முன் நிஸா. கேட்காவிட்டாலும் சொல்லவேண்டி வருமோ என்று அன்றிலிருந்து அவள் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.