வாயாடியின் குரல்

தையல்காரிக்கு ஒரே மகள். பேசத் தொடங்கிய நாளிலிருந்து வாய் ஓயாததால் வீட்டில் அவளுக்கு வாயாடி என்றே பேர். அவளுக்குப் பாலம் கட்டப் படிக்க ஆசை. அதற்கு உயர்கணக்கு வேண்டும். பள்ளியிலோ அதை நடத்த ஆளில்லை. ஆன்லைனில் படித்தாலும் கல்லூரியில் எடுத்துக்கொள்வார்கள் என்றார்கள். ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தாள்.

இருந்ததோ ஒற்றை அறை. நேரடி வகுப்பு நடக்கும் வேளையில்தான் பெண்கள் உடுப்பைப் போட்டுப் பார்க்க வருவார்கள். திரையில் தெரிந்து தொலைத்தால் மானம் போய்விடாதா? தையல்காரி கறுப்பு லைனிங் துணியில் ஒரு துண்டு நறுக்கி லேப்டாப் கேமராமேல் ஒட்டினாள். மெஷின் இரைச்சல் கேட்குமென்று மைக்கையும் அணைக்கச் சொன்னாள்.

"பாடத்தைக் காதால கேட்டா போதாதா? வாயை மூடிட்டுப் படி."

வருஷம் முழுக்க அப்படித்தான். சில நாள் வாயாடி திரையைப் பார்த்து முணுமுணுப்பாள்.

"சத்தம் வெளிய போகுதாடி?"

"இல்லம்மா, மைக் ஆஃப்லதான் இருக்கு."

மதிப்பெண்ணை அள்ளிக்கொண்டு வந்தாள். கல்லூரி மட்டும் கையை விரித்துவிட்டது. "ஆன்லைன் படிப்பை அவங்க மதிக்கறதில்லையாம்மா" என்றாள் மகள். அதோடு அவள் பேச்சும் சுருங்கிப்போனது.

தையல்காரிக்கு வயிறு எரிந்தது. அளவு கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் அந்தக் கல்லூரியைக் கிழித்துத் தோரணம் கட்டினாள். பல் டாக்டரம்மா வந்த அன்றும் அதே பாட்டுதான்.

"என் பையனும் அதே ஆன்லைன் வகுப்புதானே? அதே காலேஜ்ல சீட்டு குடுத்துட்டாங்களே" என்றார் டாக்டரம்மா. தையல்காரி வாயில் ஊசிகளைக் கவ்வியபடி நிமிர்ந்தாள்.

"மார்க்கை மட்டும் நம்ப மாட்டாங்க. ஆன்லைன்னா யார் உக்காந்து எழுதினாங்களோன்னு சந்தேகம் வரும்ல? பாடம் நடத்தின வாத்தியாரையே கேட்பாங்க. இவன் வகுப்புல தொணதொணன்னு கேள்வி கேட்டுட்டே இருப்பான். அதையே அவர் புகழ்ந்து எழுதிட்டார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சும்மாவா சொன்னாங்க?"

அவர் போனதும் தையல்காரி மகளைக் கூப்பிட்டாள். "உன்னைப் பத்தி வாத்தியார் என்னடி எழுதினார்?"

"விடும்மா."

"சொல்லு."

"காலேஜுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். மார்க் நல்லாருக்கு, ஆனா இந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்ததில்ல, குரலைக் கேட்டதில்லன்னு எழுதினாராம். அவர் மேல என்ன தப்பு?"

"அப்புறம் எதுக்குடி எங்கிட்ட மாத்திச் சொன்ன?"

"சொன்னா நீ தாங்க மாட்டம்மா."

தையல்காரிக்கு அந்த முணுமுணுப்பு ஞாபகம் வந்தது. "அப்போ யார்கிட்டடி பேசிட்டு இருந்த?"

"வாத்தியார் கேள்வி கேட்பார்ல. பதில் சொல்லிட்டு இருந்தேன்."

பெற்ற மனம் வெடித்துவிட்டது. தன் பிள்ளை தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டாயிற்று. கேமராமேல் இருந்த துணியை நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பிய்த்தெறிந்தாள். மைக் எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"பேசுடி," என்று அழுதாள். "மெஷினை நிறுத்திட்டேன், யாரும் இல்ல. எதையாவது பேசு."

வாயாடி கீழே விழுந்த துணித் துண்டைப் பொறுக்கி எடுத்தாள்.

"என்னம்மா பேசறது?" என்றாள்.